நியூஹேவன் கரையில் ஒரு சாம்பா நாட்டுக்காரர்

லண்டனுக்குப் போய்வந்தேன் என்றால் எல்லாரும் அரண்மனை வாசலில் காவல் மாறுவதைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. எனக்கு அங்கே ஒரு சிங்கத்தோடு வேலை இருந்தது. மணற்கல் சிங்கம். இன்றைய வியட்நாமின் நடுக்கடற்கரையில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருந்த சாம்பா என்ற நாட்டில் யாரோ ஒரு சிற்பி செதுக்கியது. எப்படியெப்படியோ சுற்றி அது லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் கிடங்குக்கு வந்து சேர்ந்திருந்தது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சாம்பாவைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது என் பல வருடப் பிடிவாதம். சிவனைப் பத்ரேஸ்வரன் என்று வணங்கிய அரசர்கள், குன்றுகளின் மேல் செங்கல் கோபுரங்கள், சமஸ்கிருதக் கல்வெட்டுகள், லிங்கத்தில் செதுக்கிய அரசனின் முகம். வகுப்பில் இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். கடல் தாண்டி நம்முடையது ஒன்று இருந்தது என்ற பெருமைதான். புத்தகத்தின் முதல் வரிகூடத் தயார்: 'சாம்பா நாம் கொடுத்த விளக்கு.' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாதம், சிறிய உதவித்தொகை ஒன்று கிடைத்ததும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

தங்கியது தோர்ண்டன் ஹீத்தில், புவனேஸ்வரியின் வீட்டில். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து திருச்சியில் என்னிடம் படித்தவள். கல்யாணமாகி லண்டனுக்கு வந்த பிறகும் என்னை 'ரீச்சர்' என்று கூப்பிடுவதை விடவில்லை. அவள் கணவர் குலசிங்கம், எல்லாருக்கும் குலம், தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்ப் போடும் வேன் வைத்திருந்தார். லண்டன் தமிழர்களில் யாராவது இறந்துபோனால் முதல் போன் குலத்துக்குத்தான் வரும் என்று புவனா பெருமையும் சலிப்புமாகச் சொன்னாள்.

முதல் நாள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, போட்ட ஸ்வெட்டரோடு போர்வைக்குள் போனேன். மார்ச் மாதம் என்றால் எங்கள் ஊரில் மின்விசிறி கழுத்து சுளுக்கும்படி ஓடும். இங்கே ஹீட்டர் மேல் ஈரக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே பின்தோட்டத்தில் இலையில்லாத ஓர் ஆப்பிள் மரம். "சம்மரில காய்க்கும் ரீச்சர், ஒரே புளிப்பு. நான் ஊறுகாய் போட்டிடுவன்" என்றாள் புவனா.

அடுத்த இரண்டு நாளும் சிங்கம். கிடங்கில் எனக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் சிங்கம் பயங்கரக் கோபத்தில் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால், மத்தியான வகுப்புக்கு எழுந்து போக மனமில்லாத வாத்தியார். அதை எல்லாப் பக்கமும் வரைந்தேன், அளந்தேன், அதனோடு பேசவும் செய்தேன். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பழைய அட்டையில் 'மறைந்துபோன சாம் மக்களின் கலை' என்று எழுதியிருந்தது.

"மறைந்துபோனவர்களா?" என்று அங்கிருந்த இளம் அதிகாரியிடம் கேட்டேன்.

"வியட்நாமியர்கள் வடக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து நாட்டை எடுத்துக்கொண்டார்கள். கடைசித் துண்டும் போன நூற்றாண்டில் போய்விட்டது, இல்லையா?" என்றார் அவர்.

நாடு போனால் மக்கள் மறைந்துவிடுவார்களா? அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொல்லிப் பொருமினேன். சாம் மக்களை லண்டனிலேயே தேடிக் காட்டாமல் விமானம் ஏறமாட்டேன் என்று ஒரு சபதமும் போட்டேன். குலம் சோற்றைப் பிசைந்தபடியே, "தெப்ட்போர்ட் பக்கம் வியட்நாம் சனம் கன பேர் இருக்கினம். அங்க விசாரிச்சால் தெரியும்" என்றார்.

நான்காம் நாள் மழை. தெப்ட்போர்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, தவறான நிறுத்தத்தில் இறங்கி, நனைந்த கோழி மாதிரி ஒரு வியட்நாமியக் கடைக்குள் நுழைந்தேன். கறிவேப்பிலை இல்லை, ஆனால் கொத்தமல்லி, எலுமிச்சைப்புல், மீன் சாற்றுப் புட்டிகள் எல்லாம் இருந்தன. கடைக்காரரிடம் 'சாம்' என்று சொன்னதும் அவர் யோசித்தார். "ஓர் அம்மா இருக்கிறார். தையல்காரர். மாட்டிறைச்சி வாங்கவே மாட்டார்" என்று அடையாளம் சொல்லி, எதிரே இருந்த கவுன்சில் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காட்டினார். லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறாவது மாடிவரை படி ஏறினேன்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் லான். பின்னால் ஒரு தையல் இயந்திரம், அதைச் சுற்றி மலை மாதிரி நீலச் சட்டைக் கைகள். அவருடைய ஆங்கிலம் சிக்கனமானது. என் ஆங்கிலம் தாராளமானது, ஆனால் அவருக்குப் புரியாதது. நான் மூச்சு வாங்கியபடி என் முழு விவரத்தையும் சொன்னேன். இந்தியா, சிவன், கோபுரங்கள், புத்தகம். என் முதல் வரியையும் சொன்னேன். விளக்கு கொடுத்ததைப் பற்றி.

"கொடுத்தீர்களா? யாரிடம்?" என்று கேட்டார் லான்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கல்லைப் பற்றி இன்றைக்குப் பேச முடியாது. என் தம்பி செத்துப்போனான். முந்தாநாள்" என்றார் அடுத்து. பிறகு, வந்தவளை நனைந்தபடி நிற்க வைத்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது போல ஒரு துண்டை நீட்டினார்.

தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் வியட்நாமின் தெற்குக் கடற்கரையில், பான் ராங் ஊரைச் சேர்ந்தவர்கள். அங்கே சாம் மக்களில் இரண்டு பாதி. ஒரு பாதி பழைய சாமிகளை வைத்திருப்பவர்கள், மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். இன்னொரு பாதி இஸ்லாத்தைத் தங்கள் வழியில் கைக்கொண்டவர்கள். பன்றி இறைச்சி தொடமாட்டார்கள். "ஒருவர் வீட்டுச் சடங்குக்கு மற்றவர் போவோம். என்ன சமைப்பது என்பதுதான் தகராறு" என்றார் லான். கோபுரத்து அரசச் சாமியின் உடைகள் மலைவாசிகளிடம் பத்திரமாக இருக்குமாம். கொண்டாட்டத்தின்போது அவர்கள் ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள், சாமிக்கு உடுத்துவார்கள். மறைந்துபோன மக்கள் இத்தனை வேலை செய்கிறார்கள் என்று அந்த அருங்காட்சியக அட்டையை நினைத்துக்கொண்டேன்.

அக்காவும் தம்பியும் படகில் தப்பி, ஹாங்காங் முகாமில் இருந்து, லண்டனுக்கு வந்திருக்கிறார்கள். தம்பி ஓட்டல் சமையலறையில் வேலை செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெஞ்சு நோய். இப்போது ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தார்.

"எங்களில் தாய் வழிதான் எல்லாம். ஆண் எந்த வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனாலும், செத்த பிறகு தாயிடம் திரும்ப வேண்டும்" என்றார் லான். எரித்த பிறகு நெற்றி எலும்பில் ஒன்பது துண்டு எடுத்துச் சிறிய உலோகப் பெட்டியில் வைப்பார்களாம். வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள், வெளியே மரத்தடியில் இருக்கும். நாள் வரும்போது தாய் வழிக் குடும்பத்தின் கல் நட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்த இடத்துக்குக் குட் என்று பெயர். "என் அம்மா அங்கே இருக்கிறாள். இவன் வெளியூரில் செத்தவன், நடுவில் இடம் கிடைக்காது. ஓரத்திலாவது வேண்டும். இப்போது ஊருக்குப் போக விடுகிறார்கள். நான் கொண்டுபோவேன்."

"அப்புறம் என்ன?"

"இங்கே எரித்த பிறகு எலும்பை மெஷினில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். மாவாகத்தான் தருவார்களாம். மூன்று இடத்தில் கேட்டேன். வழக்கம் அப்படி என்கிறார்கள். மாவில் நெற்றி எங்கே இருக்கிறது?"

அவர் அழவில்லை. மடியில் இருந்த நீலக் கையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

குலத்தின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கிக் கடலில் விடுவார்கள். அதைக் காடாத்து என்பார்கள். லண்டனிலும் அதை விடக்கூடாது என்று சண்டை போட்டு வாங்கியவர் குலம். அரைக்காத எலும்பைக் கொடுக்கும் ஓர் இடம் அவருக்குத் தெரியும் என்று புவனா சொல்லியிருந்தாள். "நான் செய்து தருகிறேன்" என்று எழுந்து நின்று சொன்னேன். எனக்கு அந்த ஊரில் பஸ் நிறுத்தமே சரியாகத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அன்று மாலையே குலத்தைப் பிடித்தேன். அவர் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டே தலையாட்டினார்.

"ஓம் ரீச்சர், செய்யலாம். அங்க இருக்கிற வெள்ளையன் எனக்குத் தெரிஞ்ச ஆள். எலும்பு முழுசாத் தருவான்."

"நெத்தி எலும்பு முக்கியம் குலம். அவங்க வழக்கம் என்னன்னா..."

"எலும்பெடுக்கிறது எனக்குத் தெரியாதோ? தலையில துவங்கிக் கால் வரைக்கும் வரிசையா எடுக்க வேணும். எத்தினை பேருக்குச் செய்திருக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காமல் சாப்பிடுங்கோ."

பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் அடுத்த போனுக்குப் போய்விட்டார். எனக்கும் காரியம் ஆன நிம்மதி. புவனாவின் புளி விட்ட மீன் குழம்பு வேறு ஆறிக்கொண்டிருந்தது.

எரியூட்டும் நாளில் நாங்கள் சிலபேர்தான். லான், அவருடைய தம்பியோடு ஓட்டலில் வேலை செய்த இரண்டு பேர், புவனா, குலம், நான். சாம் பூசாரி யாரும் இல்லை. லான் சோறும் முட்டையும் வெற்றிலையும் படைத்து, நினைவிலிருந்த வார்த்தைகளைச் சொன்னார். இடையிடையே நின்று யோசித்தார். மறந்த இடம் வந்ததும் தம்பியிடம் தன் மொழியில் ஏதோ மெதுவாகப் பேசிவிட்டுத் தொடர்ந்தார். பிறகு எல்லாரும் புவனாவின் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். லான் மரக்கறிச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"உங்கட ஆக்களிலயும் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானோ?" என்று புவனா கேட்க, நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். லான் ஆமாம் என்றதும் புவனாவுக்கு ஒரே சந்தோஷம். "எங்கட ஊரிலயும் அப்பிடித்தான் ரீச்சர். சீதன வீடு. மாப்பிளைதான் பெட்டியோட வாறது." குலம் இதைக் கேட்காதவர் போலத் தட்டைக் கழுவினார்.

மறுநாள் காலை எலும்பு எடுக்கப் போக வேண்டும். வழி தெரியாத லானைக் கூட்டிவர நான் தெப்ட்போர்டுக்குப் போனேன். குலம் வேனில் நேரே வந்துவிடுவதாக ஏற்பாடு. லான் கறுப்புக் கோட்டின் பையில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்திருந்தார். வெள்ளைத் துணி விரித்து, மூடி இறுக்கமாகப் பூட்டும் சிறிய டப்பா.

ரயில் லண்டன் பிரிட்ஜுக்கு வெளியே நின்றுவிட்டது. எங்கோ கேட்பாரற்ற பை ஒன்று கிடக்கிறதாம், வெடிகுண்டாக இருக்கலாமாம். அந்த வருடங்களில் அது லண்டனுக்குச் சாதாரணம். எதிர் இருக்கையில் ஒருவர் பெருமூச்சு விட்டு, "என் மனைவியின் கைப்பையாகத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எல்லாரும் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்கள். நம் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கி ஆளுக்கொரு தகவல் கொண்டுவந்திருப்பார்கள். லான் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக வெளியே விட்டார்கள். ஒரு பஸ், இன்னொரு பஸ், கடைசியில் ஒரு டாக்ஸி. எரியூட்டிய இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குலத்தின் வேன் அங்கே இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் அன்பாகச் சிரித்தார்.

"மிஸ்டர் சிங்கம் காத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாரே. எப்போதும் போலக் கடலுக்கு."

எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. குலத்துக்கு எலும்பு என்றால் கடல். அவர்கள் ஊரில் காடாத்துக்குப் பெண்கள் வருவதில்லை. நாங்கள் வராததை அவர் ஒரு குறையாகவே எடுத்திருக்கமாட்டார். எடுத்த எலும்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பொழுது சாய்வதற்குள் கரைத்துவிட வேண்டும் என்று தன் செலவில் பாலும் பூவும் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார், அந்த நல்ல மனுஷன்.

லானிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "அவர் கடலில் கரைக்கப் போயிருக்கிறார். அது எங்கள் வழக்கம்."

லானின் முகம் வெளுத்தது. "எந்தக் கடல்?" என்று கேட்டார். திட்டவில்லை, உட்காரவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

ஈஸ்ட் குரோய்டன் நிலையத்தில் தொலைபேசிக் கூண்டு. புவனா எடுத்ததும் கத்தினேன். "குலம் எங்க போவார்? எந்தக் கடற்கரை?"

"ஐயோ, என்ன நடந்தது? நியூஹேவனுக்குத்தான் ரீச்சர். அங்க வோல்ட்டர் எண்டு ஒரு மீன்காரன். அவன்ர படகிலதான் போறவர்."

"கரைச்சுடப் போறார் புவனா! அந்தம்மாவுக்கு எலும்பு வேணும். ஊருக்குக் கொண்டுபோகணும். கரைக்கக் கூடாது!"

"கரைக்கக் கூடாதோ? கடவுளே, அவருக்குத் தெரியாது. தண்ணி ஏறினால்தான் படகு வெளிக்கிடும். சிலவேளை மத்தியானம் வரைக்கும் காத்திருக்கிறவர். ஓடுங்கோ ரீச்சர், நிக்காதேங்கோ!"

லூயிஸ் வரை ஒரு ரயில், அங்கே இறங்கி வேறு ரயில். முதல் ரயிலில் தேநீர் வண்டி வந்தது. லானுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பச்சை மேடுகளும் ஆடுகளுமாக ஊர் அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வந்தது. கைப்பையிலிருந்து புத்தகக் குறிப்பை எடுத்து, முதல் வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தேன். நாம் கொடுத்த விளக்காம். இந்தப் பெண்ணின் வீட்டுச் சாவு வழக்கத்தைக்கூட முழுசாகக் கேட்டு ஒருவரிடம் ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை.

லூயிஸில் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. லான் பெஞ்சில் உட்கார மறுத்துவிட்டார். "நீங்கள் படகில் வந்தீர்களே, அப்போது பயமாக இருந்ததா?" என்று ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கள் படகில் சிலர் செத்தார்கள். கடலில்தான் போட்டோம். அவர்களுக்கு இடம் இல்லை. தம்பி அப்போது என் கையைப் பிடித்துச் சொன்னான், என்னை மட்டும் தண்ணீரில் போட்டுவிடாதே அக்கா என்று" என்றார்.

ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

நியூஹேவன் நிலையத்தில் இறங்கியதும் மீன் வாடையும் ஊசி மாதிரிக் காற்றும். எதிரே வந்த ஒருவரிடம் வோல்ட்டர் என்று சொன்னதும் ஆற்றோரமாகக் கைகாட்டினார். ஓடினோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், ஒருத்தி புடவையும் கம்பளிக் கோட்டும், ஒருத்தி கையில் பிஸ்கட் டப்பா. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குலத்தின் வேன் தெரிந்தது. அப்பால் ஒரு நீலப் படகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறிவிட்டது. குலம் காற்சட்டைக்கு மேல் வேட்டி கட்டி, கோட்டின் மேல் துண்டு போட்டு, மடியில் மண்பானையோடு படகின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தொப்பி போட்ட கிழவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"குலம்! நிறுத்துங்க! குலம்!" என்று கத்தினேன். காற்று என் குரலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது. கயிறு அவிழ்ந்தது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது.

லான் கத்தவில்லை. டப்பாவை என் கையில் திணித்துவிட்டுக் குதித்தார்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. வோல்ட்டர் நம் காதில் விழக்கூடாத சில வார்த்தைகளைச் சொன்னார். லான் முழங்காலில் விழுந்து, எழாமலே ஊர்ந்து போய்ப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குலமும் விடவில்லை. இரண்டு பேரும் பானையைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வோல்ட்டர் முணுமுணுத்துக்கொண்டே படகைத் திரும்பக் கரைக்குத் தள்ளினார்.

நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். குலம் தலையில் கைவைத்துக்கொண்டார். "கடவுளே, என்னட்டச் சொல்லக் கூடாதோ? நான் ஒரு புண்ணியம் எண்டெல்லோ செய்ய வெளிக்கிட்டனான்." பிறகும் அவருக்கு மனது கேட்கவில்லை. "ஆனா ரீச்சர், கடலில விடாட்டில் அந்த ஆத்துமா எப்பிடிக் கரையேறும்? கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். லான் குலத்தையே பார்த்துப் பதில் சொன்னார்.

"கடலில் போட்டால் அவனை அவன் அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாள்?"

நான் தமிழில் சொன்னேன். குலம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எங்கட அம்மா செத்தது யாழ்ப்பாணத்தில, சண்டைக்குள்ள. நான் இஞ்ச. ஆர் கொள்ளி வைச்சது, ஆர் காடாத்தினது, ஒண்டும் தெரியாது. அதுதான் ரீச்சர், ஆரின்ர எலும்பெண்டாலும் நான் ஓடி ஓடிச் செய்யிறது" என்றார்.

இதை லானுக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சொல்லாமலே அவருக்கு ஏதோ புரிந்தது போலிருந்தது. பானையிலிருந்து ஒரு கையை எடுத்துக் குலத்தின் முழங்கையில் வைத்தார்.

கரையில் வேனுக்குப் பக்கத்தில், குலம் எடுத்துத் தந்த வெள்ளைத் துணியை விரித்தோம். காற்று எல்லாவற்றையும் அள்ளப் பார்த்தது. குலம் தன் வேட்டியை அவிழ்த்து, நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திரையாக நின்றோம். உள்ளே லான் குனிந்து தேடினார். சாம்பல் பூத்த துண்டுகளில் எது நெற்றி, எது வேறு என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, அது இல்லை. கொஞ்சம் வளைஞ்சு, மெல்லிசா இருக்கும். அந்தா, அது. அதுக்குப் பக்கத்தில இருக்கிறதும்" என்று குலம் தமிழிலேயே சொல்லி விரலால் காட்டினார். லானுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒன்பது துண்டும் டப்பாவுக்குள் போனது. ஒவ்வொன்றையும் வைக்கும்போது தன் மொழியில் ஏதோ சொன்னார். ஒன்பதாவதை வைத்து மூடியை அழுத்திய பிறகுதான், ஐந்து நாளாக அழாதவர், அழுதார். வோல்ட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மீதி எலும்பும் சாம்பலும் பானையில் இருந்தன. லான் பானையைக் குலத்தின் பக்கம் தள்ளினார். "அவன் இந்த டப்பாவில் இருக்கிறான். இது உங்கள் வழக்கப்படி நடக்கட்டும்" என்றார்.

படகில் நால்வரும் போனோம். நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆழமான இடம் வந்ததும் குலம் பாலை ஊற்றி, பூவைப் போட்டு, பானையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு லானிடம் நீட்டினார்.

"பொம்பிளையள் செய்யிறேல்லைத்தான். ஆனா நீங்கள்தானே அவருக்கு எல்லாம். நீங்களே விடுங்கோ அக்கா."

நான் மாற்றிச் சொன்னேன். லான் தயங்கவில்லை. ஒரு கையில் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறுகையால் பானையைச் சாய்த்தார். குலம் அடியில் கைகொடுத்துத் தாங்கினார்.

திரும்பும் வழியில் வேனில் ஒரு புதிய சங்கடம். டப்பாவை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வெளியே மரத்தடியில் வைக்க வேண்டும். லான் ஊருக்குப் போக இன்னும் மாதங்கள் ஆகும். லீவு வேண்டும், பயண அனுமதி வேண்டும். அவர் குடியிருப்பதோ ஆறாவது மாடி. பால்கனியில் ஒரு வெங்காயத்தாள் தொட்டிதான் இருக்கிறது. குலம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்து ஓட்டினார். அவர் மனதில் ஆப்பிள் மரம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது என்பதும் தெரியும். எலும்பு இருக்கும் வீட்டு எல்லைக்குள் எந்த யாழ்ப்பாணத்துப் பெண் அடுப்பு மூட்டுவாள்?

புவனா வாசலிலேயே நின்றாள். வழக்கப்படி எங்களை உள்ளே விடாமல் தலையில் தண்ணீர் தெளித்தாள். லானின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன், எதையும் கேட்காமல். மரத்தடி வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.

புவனா குலத்தைப் பார்த்தாள். குலம் காலணியைப் பார்த்தார்.

"தகரப் பெட்டியை மழைக்குள்ள வைச்சால் கறள் பிடிக்கும்" என்றாள் புவனா. உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மூடி போட்ட ஒரு பித்தளைச் செப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது, அவள் கல்யாணத்தில் குங்குமம் வைத்தது என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். "இதுக்குள்ள போடச் சொல்லுங்கோ ரீச்சர். பக்கத்து வழியால தோட்டத்துக்குப் போங்கோ, வீட்டுக்குள்ளால வேண்டாம்."

ஆப்பிள் மரத்தடியில் கற்களை அடுக்கி, நடுவில் செப்பை வைத்து, மேலே ஓடு ஒன்றைக் கவிழ்த்தோம். லான் அங்கேயே மண்டியிட்டிருந்தார். புவனா சமையலறை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். பயம் இருந்தது அவளுக்கு, மறைக்கவில்லை. மறுநாள் காலை நான் எழுந்தபோது ஜன்னல் பாதி திறந்திருந்தது. காகத்துக்கு வைக்கும் சோற்றில் ஒரு பிடி, மரத்தடிக் கல்லின் மேல் இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "விருந்தாளியெல்லோ. குளிருக்குள்ள நிக்கிறார்" என்றாள் புவனா.

ஊர் திரும்புவதற்கு முன் சிங்கத்திடம் போய் விடைபெற்றேன். அந்த இளம் அதிகாரியிடம் தெப்ட்போர்டில் சாம் பெண்மணி ஒருவர் இருக்கிறார், பான் ராங்கில் ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்கள், தயவுசெய்து அட்டையை மாற்றுங்கள் என்று சொன்னேன். கவனிப்பதாகச் சொன்னார். மாற்றும் வரை எழுதிக்கொண்டே இருப்பேன் என்று நானும் சொல்லிவைத்தேன்.

திருச்சியில் மறுவருடம் மாசி வெயில் தொடங்கியிருந்தது. ஒரு விடியற்காலை தொலைபேசி அடித்தது. கடல் தாண்டி வந்த இரைச்சலுக்கு நடுவே புவனாவின் குரல்.

"ரீச்சர், லான் அக்கா ஊருக்குப் போய் வந்திட்டா. தம்பி தாயிட்டப் போய்ச் சேர்ந்திட்டார். ஓரமில்லையாம், தாய்க்குப் பக்கத்திலேயே இடம் குடுத்திட்டினமாம்."

செப்பு என்ன ஆனது என்று கேட்டேன்.

"செப்பைத் திருப்பிக் கொண்டந்து தாறன் எண்டவ. நான்தான் வேண்டாம் எண்டு சொல்லிவிட்டனான். அவரோடயே இருக்கட்டும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்கும் கை தன்ர பாட்டில மரத்தடிக்கு ஒரு பிடி சோறு எடுத்து வைச்சிட்டுது ரீச்சர்."

அவளுக்குப் பின்னால் குலம் கேட்டது என் காதிலும் விழுந்தது. "அப்ப நாளைக்கு வைக்க மாட்டீரோ?"

"வைப்பன்" என்றாள் புவனா. "உங்கட அம்மாவுக்கு."